மின்சாரக் கார்: அம்மாவின் முதுகும் பானெட் பெயின்ட்டும்

9 மார்ச் 2025, ஞாயிறு

வண்டி வந்து ஐந்து மாதம், 6,200 கி.மீ. ஓட்டுகிற எனக்கு ஒரு குறையும் இல்லை. பின் சீட்டில் உட்கார்கிற அம்மாவுக்குத்தான் கஷ்டம். 71 வயது, இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை "மெதுவா போப்பா" என்றாள். 30-க்கு மேல் நான் போகவே இல்லை. பழைய பெட்ரோல் காரில் தெரியாத சின்னப் பள்ளம்கூட இதில் சுள்ளென்று முதுகில் ஏறுகிறது.

16 மார்ச்

வண்டியின் தரைக்கடியில் இருக்கும் பேட்டரி மட்டும் 300 கிலோவுக்கு மேல். அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஹைவேயில் அலுங்காமல் ஓடுகிற வண்டி, தெருவில் ஊர்ந்தால் தூக்கிப் போடுகிறது. எஞ்சின் சத்தமும் கிடையாது. ஒவ்வொரு பள்ளமும் தனியாகக் காதில் விழுகிறது.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே டயர் காற்றைப் பார்த்தேன். நான்கிலும் 42. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 35 என்றுதான் இருக்கிறது. காற்றடித்தவர் "கரன்ட் வண்டிக்குக் கூடவே வைக்கணும் சார்" என்று சொன்னதை நம்பி இத்தனை நாள் விட்டிருக்கிறேன். 35-க்கு இறக்கினேன். ரீஜெனையும், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதையும், குறைந்த அளவில் வைத்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இழுத்துப் பிடிப்பதில்தான் அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டியது.

23 மார்ச்

அதே மயிலாப்பூர், அதே சாலை. அம்மா வாய் திறக்கவில்லை. கோயில் வாசலில் இறங்கும்போது "இன்னைக்கு வலி இல்லடா" என்றாள். சார்ஜ் துளி கூடுதலாகச் செலவாகிறது, ஆகட்டும்.

14 ஏப்ரல், திங்கள்

வருஷப் பிறப்புக்கு விழுப்புரம் மாமா வீடு. திண்டிவனம் தாண்டியதும் முன்னால் தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரி. விலகுவதற்குள் பட்டென்று ஒரு சத்தம்.

மாமா வீட்டு வாசலில் குனிந்து பார்த்தேன். பானெட்டின் முன்விளிம்பில் கேழ்வரகு அளவுக்கு ஒரு வடு. ஓரத்தில் கண்ணாடி உடைந்தது போல, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட், அதற்குள் நீல நிறம், நடுவில் அடிப்பூச்சான சாம்பல் பிரைமர். நகத்தால் தடவினால் ஒரு படி இறங்குகிறது. தகரம் தெரியவில்லை, அந்த மட்டில் நிம்மதி. இத்தனை அடுக்கும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான், ஏறக்குறைய ஒரு வெள்ளைத் தாளின் தடிமன். அவ்வளவுதான் வண்டியின் தோல். மனசு கேட்கவே இல்லை.

4 மே

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேப்ப மரத்தடி நிழலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தியதில் கூரையெல்லாம் காக்கை எச்சம். வெயிலில் இளகிய கிளியர் கோட்டை எச்சத்தின் அமிலம் அரித்துவிடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத்தான் எடுத்தேன். வாட்ச்மேன் அண்ணன் அன்பாகத்தான் தினமும் துடைக்கிறார், ஆனால் காய்ந்த துணியில். புழுதி உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடுகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல்கள். "தண்ணி ஊத்தாம தொடாதீங்க அண்ணே" என்று சொல்லி, இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன். போர் தண்ணீர் என்பதால் கழுவிய உடனே ஒற்றி எடுக்கவும் சொன்னேன். காயவிட்டால் உப்புத் திட்டு பெயின்ட்டிலேயே உட்கார்ந்துவிடும்.

18 மே

டச்-அப் பெயின்ட் வந்தது. பாட்டிலோடு வந்த பிரஷ் தடிமன். பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, வடுவுக்குள் ஒரு சொட்டு. காய்ந்ததும் இன்னொன்று, மேலே கிளியர். உற்றுப் பார்த்தால் தெரியும், ஆனால் துரு ஏறாது.

செராமிக் கோட்டிங் போட்டால் கல்லே படாது என்று கடையில் சொன்னார்கள். அது சில மைக்ரான் பூச்சு. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழியும், கல்லுக்கு முன்னால் நிற்காது. கல்லைத் தாங்குவது, பெயின்ட்டின் மேல் ஒட்டுகிற, 200 மைக்ரான் தடிமனுள்ள பிபிஎஃப் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம்தான். வண்டி முழுக்க ஒட்ட என்னால் முடியாது. பானெட், முன் பம்பர் இரண்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை விடுகிறேன்.

அடுத்த மாதம் திருவண்ணாமலை போகலாமா என்று அம்மாவே கேட்டிருக்கிறாள்.