மட் வரி

ஹூஸ்டன் பக்கம் கேட்டி, சைப்ரஸ்னு புது வீடு பார்க்கிற நம்ம ஆட்களுக்கு: கிரானைட், நீச்சல் குளம் எல்லாம் ரசிச்சு முடிச்சதும் "மட் வரி எவ்வளவு?"னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மட்னா முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட், தண்ணி, சாக்கடை வசதிக்குன்னே இருக்கிற உள்ளூர் அமைப்பு. (பேரே சேறு!) நகர எல்லைக்கு வெளியே தண்ணிக் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாத்தையும் மனை போடுறவர் முதல்ல தன் காசுல போடுவார். அப்புறம் டிஸ்ட்ரிக்ட் கடன்பத்திரம் வித்து அவருக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கடனை அடைக்கிறது நாம, சொத்து வரியில. தண்ணி பில் தனி.

100 டாலர் மதிப்புக்கு 1 டாலர்னு வச்சுக்குங்க. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 4,000. பள்ளி வரி, கவுண்டி வரி எல்லாம் இதுக்கு மேல.

எங்களுக்கு அடி விழுந்தது ரெண்டாவது வருஷம். முதல் ஜனவரி 1 அன்னைக்கு அங்க வெறும் மனைதான், அதனால பில்லும் மனைக்கு மட்டும். அதை வச்சே எஸ்க்ரோ (வரிக்காக வீட்டுக்கடன் தவணையோட சேர்த்து மாசாமாசம் பிடிக்கிற பணம்) கணக்கும் போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் வரி. மாசத் தவணை 600 டாலருக்கு மேல ஏறினதா கடிதம். "என்னங்க, வேற யாருக்கோ வந்ததோ?"ன்னாங்க வீட்டம்மா. இல்ல. கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுல மட் அறிவிப்பும் இருந்தது, என் இனிஷியலோட.

வீடுகள் பெருகிக் கடன் அடைய அடைய, விகிதம் வழக்கமா இறங்கும். 5 இயக்குநர்கள் உட்கார்ந்து அதை முடிவு பண்ற கூட்டத்துக்கு யாரும் போகலாம். போன மாசம் போனேன். பார்வையாளர் நாற்காலியில நான் ஒருத்தன்தான்.