நாய்க்கு எடுத்த ரத்தம், மனிதருக்குப் போட்ட அளவுகோல்

நாயின் ரத்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராகப் போய் நிற்பது தடித்த எழுத்தில் இருக்கும் 'எச்' (அளவு கூடுதல்), 'எல்' (குறைவு) மேல்தான். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்து பேர் பத்து விதமாகப் பயமுறுத்துவார்கள். அதற்கு முன்னால் தாளின் வலது ஓரத்தில் இயல்பு அளவு என்று அச்சடித்திருக்கும் பத்தியைப் பாருங்கள். அது நாயின் அளவா, மனிதரின் அளவா?

கால்நடைகளுக்கென்றே கருவி வைத்திருக்கும் லேப்களிலும், வேப்பேரி மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தக் கேள்வியே எழாது. சின்ன ஊர்களில் டாக்டர் எடுத்த ரத்தம் பக்கத்துத் தெரு மனித லேபுக்குப் போய்விடும். அங்கே கணினியில் பெயர் மட்டும் 'டைகர்' என்று மாறுமே தவிர அளவுகோல் மாறாது. மனிதருக்கு வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை, நாய்க்கு 6,000 முதல் 17,000 வரை. அதனால் ஆரோக்கியமான நாயின் 14,500-க்கு 'எச்' விழும். கவலைப்பட வேண்டிய 4,800 எந்தக் குறியும் இல்லாமல் நழுவிவிடும். இரண்டில் ஆபத்தானது பின்னதுதான்.

எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், மனிதருக்கு 80 முதல் 100. நாயின் சிவப்பணு சிறியது, 60 முதல் 77 தான். மனித அளவுகோலில் ஏறக்குறைய எல்லா நாய்க்கும் இந்த வரியில் 'எல்' வரும். அதைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று டானிக் வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த டானிக் வேறொரு இடத்தில் வம்பு செய்யும், பிறகு சொல்கிறேன்.

சரியான அளவுகோலே இருந்தாலும், இயல்பு அளவு என்பது ஆரோக்கியமான நாய்களில் 95 சதவீதம் அடங்கும் எல்லை. இருபது நல்ல நாய்களில் ஒன்று அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கும். இருபது வரி உள்ள தாளில் ஒரு வரி கொஞ்சம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். எல்லை 100 என்றிருக்கும்போது 112 வந்தால் ஒரு பேச்சு, 900 வந்தால் வேறு பேச்சு. 'எச்' என்ற எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடுத்தது, ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்பது. அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ இருக்கும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கவிழ்க்காமல் விட்டால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். குலுக்கினால் சிவப்பணு உடையும். குழாயில் கோடு வரை ரத்தம் இல்லையென்றால் மருந்து மிகையாகி அணுக்கள் சுருங்கும், பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் சதவீதம், உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நாய் திமிறி, இரண்டு மூன்று இடத்தில் குத்தி, ஊசியில் சொட்டுச் சொட்டாக எடுத்த ரத்தம் என்றால் திரளும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

திரண்ட பிளேட்லெட்டுகளைக் கருவி பிளேட்லெட்டாக எண்ணாது. இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 40,000 என்று அச்சாகும், வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போகும். இதற்கு மாற்று பழைய முறைதான்: ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயமேற்றி, எண்ணெய் விட்டுப் பார்க்கும் நூறு மடங்கு லென்ஸில் கண்ணால் எண்ணுவது. முதலில் ஸ்லைடின் மெல்லிய ஓரத்தில் திரள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய இடத்தில் பத்துப் புலங்களை எண்ணிச் சராசரி எடுத்து, 15,000-ஆல் பெருக்க வேண்டும். சராசரி 9 என்றால் சுமார் 1,35,000. கருவி 40,000 என்று சொல்லியிருந்தால் கருவிதான் தப்பு. திரள் நிறையத் தெரிந்தால் இந்தக் கணக்குக்கும் பொருளில்லை, புது ரத்தம் எடுப்பதே வழி. "ஸ்லைடு பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. கேவலியர் கிங் சார்லஸ் இனத்தில் பலவற்றுக்குப் பிளேட்லெட் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருப்பது பிறவி. கிரேஹவுண்டுகளுக்கும் எண்ணிக்கை குறைவு, பிசிவி கூடுதல். சிப்பிப்பாறை, கன்னி போன்ற அதே உடல்வாகு வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு தரம் ரத்தம் பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பின்னால் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில் பார்க்கும் சோதனைகளுக்குத் தனிக் குழாய். ரத்தத்திலிருந்து சீரத்தைச் சீக்கிரம் பிரிக்காவிட்டால் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் வரை. மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் இருந்த குழாய் 'சர்க்கரை 52' என்றால் நம்ப வேண்டாம். சாப்பிட்ட உடனே எடுத்தால் சீரம் பால் போல வெளுத்துப் பல அளவுகளைக் கெடுக்கும். பெரிய நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சோறு இல்லாமல், தண்ணீர் மட்டும் போதும். குட்டிகளையும் பொம்மை போன்ற மிகச் சிறிய இனங்களையும் அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை உண்மையிலேயே இறங்கிவிடும்.

தாளே தன்னைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு இடங்கள் உண்டு. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி வர வேண்டும். 12 என்றால் 36. ஹீமோகுளோபின் 12, பிசிவி 26 என்று இருந்தால் ஏதோ ஒன்று பிசகு. எம்சிஎச்சி, அதாவது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு, 36-ஐத் தாண்டி நின்றால் பெரும்பாலும் அணு உடைந்திருக்கிறது, அல்லது சீரத்தில் கொழுப்பு.

வெள்ளையணுக்களில் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மொத்தம் 30,000, அதில் லிம்போசைட் என்ற வகை 10 சதவீதம் என்றால் தாள் 'எல்' என்று சொல்லும். கணக்குப் போட்டால் 3,000, அது நாய்க்கு இயல்பு. கூடியிருப்பது நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை மட்டுமே. நியூட்ரோஃபில் கூடி, லிம்போசைட்டும் ஈசினோஃபிலும் குறைந்திருந்தால் கிருமித்தொற்று என்று முடிவு கட்டுவதற்கு முன், சமீபத்தில் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இதே கோலத்தைத்தான் போடும், ஏஎல்பி என்ற நொதியையும் சேர்த்து ஏற்றிவிடும். போட்ட ஊசியை டாக்டரிடம் மறைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

நம் ஊர் நாய்களுக்கு இந்தத் தாளை எடுக்க வைப்பது பெரும்பாலும் உண்ணிதான். சுவர் இடுக்கிலும் கட்டில் காலிலும் ஏறும் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியும், உண்ணி மூலம் வரும் பபேசியா என்ற கிருமியும் இங்கே சாதாரணம். ஒரு தாளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஐந்து வயது லாப்ரடார் பெண் நாய். ஒரு மாதமாகச் சோர்வு, எடை குறைவு. ஹீமோகுளோபின் 8.8, பிசிவி 27, வெள்ளையணு 7,200, பிளேட்லெட் 62,000, ஸ்லைடில் திரள் இல்லை. மொத்தப் புரதம் 8.4, அதில் அல்புமின் 2.2, குளோபுலின் 6.2. பிலிருபின் (சிவப்பணு உடையும்போது வரும் மஞ்சள் நிறமி) 0.3, எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 58, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.2.

8.8-ஐ மூன்றால் பெருக்கினால் 26.4, அதனால் ரத்தச்சோகை நிஜம். பிலிருபின் ஏறவில்லை, சிவப்பணுக்கள் மளமளவென்று உடைகிற மாதிரி தெரியவில்லை. அப்படியானால் எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்கிறதா? அதற்கு ரெட்டிகுலோசைட், அதாவது இளம் சிவப்பணு, எண்ணிக்கை வேண்டும். 60,000-க்கு மேல் என்றால் மஜ்ஜை வேலை செய்கிறது. குறைந்தால் அங்கேயே அடி விழுந்திருக்கிறது. இந்தத் தாளில் அந்த வரியே இல்லை, கேட்டு வாங்க வேண்டும். குளோபுலின் 6.2 என்பது உடம்பு நெடுநாளாக எதையோ எதிர்த்துப் புரதம் சுரந்துகொண்டிருப்பதன் அடையாளம். நேற்று வந்த காய்ச்சலில் இவ்வளவு ஏறாது. அல்புமின் குறைந்திருக்கிறது, அது எங்கே போகிறது? சிறுநீரில் ஒழுகலாம், அதனால் கிரியேட்டினின் நன்றாக இருந்தாலும் சிறுநீரில் புரதமும் கிரியேட்டினினும் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், 0.5-க்கு மேல் போனால் கவலை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாள்பட்ட எர்லிக்கியா முதல் சந்தேகம். பபேசியாவும் கூடவே இருக்கலாம், ஒரே நாயில் இரண்டும் சேர்ந்து வருவது அரிதல்ல.

சந்தேகத்தை உறுதி செய்யப் போடும் கிட் சோதனை எதிர்ப்புப் புரதத்தைத்தான் பார்க்கிறது. காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் அது உருவாகியே இருக்காது, 'நெகட்டிவ்' வரும். குணமான பிறகும் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் 'பாசிட்டிவ்' காட்டும். ஸ்லைடில் கிருமி தெரிந்தால் உறுதி, தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. பணம் செலவழிக்க முடிந்தால் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர், அதுவும் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தத்தில்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் பொதுவாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும், அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். சோற்றோடு கொடுக்கலாம், ஆனால் பாலிலோ தயிர் சாதத்திலோ வைக்க வேண்டாம். நான் முன்னால் சொன்ன இரும்பு டானிக் இங்கேதான் வம்பு: இரும்பு இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. பபேசியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது, மருந்தே வேறு. பப்பாளி இலைச் சாறு இரண்டு கிருமியில் எதையும் கொல்லாது. பிளேட்லெட் 30,000-க்குக் கீழே போனால் தானாக ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். எர்லிக்கியாவில் மிச்சமிருக்கும் பிளேட்லெட்டுகளும் சரியாக வேலை செய்யாததால் அதற்கு மேலேயும் கசியலாம். ஈறிலும் அடிவயிற்றிலும் குண்டூசித் தலை போல் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். காய்ச்சலுக்கு என்று வீட்டிலிருக்கும் மனித வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

சிறுநீரக வரிகளில் ஒரு சிறு பொறி: சில லேப் யூரியா என்று போடும், சில பியுஎன் (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று போடும். யூரியா 45 என்பதை 2.14-ஆல் வகுத்தால் பியுஎன் 21, அது நாய்க்கு இயல்பு. கிரியேட்டினின் மெதுவாகத்தான் பேசும், சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் தெளிவாக ஏறும். தசை கரைந்த கிழட்டு நாயில் அப்போதும் ஏறாமல் ஏமாற்றலாம். அதனால் அதே நாளில் சிறுநீரின் ஒப்படர்த்தியும், அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்த்தி என்பதும், வேண்டும். கிரியேட்டினின் 2.0, ஒப்படர்த்தி 1.045 என்றால் நாய்க்கு நீர்ச்சத்து வற்றியிருக்கிறது. அதே 2.0-உடன் 1.012 என்றால் சிறுநீரகத்தால் நீரை இறுக்க முடியவில்லை. டிரிப்ஸ் ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீர் இதற்கு உதவாது.

கல்லீரலைப் பொறுத்தவரை எஸ்ஜிபிடி கூடினால் செல் சேதம், கல்லீரல் வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. வேலை நிற்பது தெரிவது அல்புமின், யூரியா, சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து இறங்கும்போது. ஏஎல்பி மட்டும் கூடிய ஆறு மாதக் குட்டிக்குக் கல்லீரல் டானிக் தேவையில்லை, எலும்பு வளர்கிறது. வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் சாப்பிடும் நாய்க்கும் ஏஎல்பி ஏறும்.

மறுபடி ரத்தம் பார்க்கும்போது அதே லேப், அதே மாதிரி காலையில் வெறும் வயிறு. மருந்து சரியாகப் பிடித்தால் பிளேட்லெட் சில நாளில் ஏறத் தொடங்கும், ஒரு வாரத்தில் எடுக்கும் தாளிலேயே திசை தெரியும். ஹீமோகுளோபினுக்கு வாரக்கணக்கு, குளோபுலினுக்கு மாதக்கணக்கு. பிளேட்லெட் 2,10,000 ஆகியும் குளோபுலின் 5.4-இல் நிற்கிறதே என்று மருந்தை மாற்றச் சொல்லி டாக்டரை நெருக்க வேண்டாம். இரண்டு தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள், பழையதைச் செல்போனில் தேடிக்கொண்டு நிற்காமல்.