முதலில் சார்புச் சுற்றை வரையுங்கள்: மீக்கடத்து மின்னணுவியல் வாய்மொழித் தேர்வில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

சென்ற வெள்ளிக்கிழமை முடிவு வந்தது, தேறிவிட்டேன். இதே தேர்வில் சென்ற ஆண்டு தோற்றவள் என்பதால், கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. எழுத்துத் தாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; ஒழுங்காகப் படித்தவர்கள் அதைக் கடந்துவிடுவார்கள். ஆய்வு முன்னேற்றங்கள் குறித்த வாய்மொழித் தேர்வில்தான் நான் விழுந்தேன், அதிலேதான் பிறகு எழுந்தேன். மீக்கடத்து (மிகுந்த குளிரில் மின்தடையை இழக்கும் பொருள்களால் ஆன) உணரிகள், கண்டறிவிகள், இலக்கச் சுற்றுகள் ஆகியவற்றைச் சிறப்புப் பகுதியாக எடுத்திருப்பவர்களுக்காக, நினைவு மங்குவதற்குள் இதை எழுதிவைக்கிறேன்.

முதல் முறை நான் சாதனை எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். 1999-இல் ஒரு நயோபியச் சுற்று 770 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணை வகுத்தது, 2013-இல் டங்ஸ்டன் சிலிசைடு நானோகம்பி 93 விழுக்காடு கண்டறிதிறனைத் தொட்டது, 2020-இல் கண்டறிவியின் நேரச் சிதறல் 3 பைக்கோ விநாடிக்கும் கீழே இறங்கியது, 2023-இல் 4,00,000 படப்புள்ளிகள் கொண்ட ஒற்றை ஃபோட்டான் கேமரா வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். குழுவில் இருந்த மூத்த தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாறுநிலை விளிம்பு உணரியை, அதாவது மீக்கடத்து நிலைக்கும் சாதாரண நிலைக்கும் இடைப்பட்ட விளிம்பில் நிறுத்தி நுண்ணிய வெப்பத்தை அளக்கும், நாம் டி.இ.எஸ். என்று அழைப்பதை, அதன் சுற்றோடு பலகையில் வரையச் சொன்னார். நான் உணரியை வரைந்து, அதற்கு ஒரு மாறா மின்னோட்ட மூலத்தை இணைத்தேன்.

"வெப்பநிலை சிறிது ஏறினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். மின்தடை ஏறும் என்றேன். "அப்போது உங்கள் சுற்றில் வெளிப்படும் திறன்?" என்றார். மின்னோட்டம் மாறாதிருக்க மின்தடை ஏறினால் திறனும் ஏறும். திறன் ஏறினால் வெப்பநிலை மேலும் ஏறும். உணரி தன் மாறுநிலையை விட்டு வெளியேறிச் சாதாரண உலோகமாகிவிடும். நான் வரைந்த சுற்று ஒரு போதும் வேலை செய்யாது என்பது பலகையின் முன் நின்றபோதுதான் எனக்கே புரிந்தது. அதன் பிறகு கேட்ட எந்தக் கேள்விக்கும் என் மனம் ஒட்டவில்லை.

அந்த உணரியை மாறா மின்னழுத்தத்தில் வைக்க வேண்டும். அப்போது திறன் என்பது மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தது. வெப்பநிலை ஏறி மின்தடை கூடும்போது திறன் தானாகவே குறைகிறது, உணரி தன்னைத்தானே பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. 1995-இல் இர்வின் முன்வைத்த இந்த எதிர் மின்வெப்பப் பின்னூட்டம்தான் அந்தச் சாதனத்தை நிலைப்படுத்தியது, வேகப்படுத்தவும் செய்தது. நடைமுறையில் உணரியின் மின்தடையைவிட மிகச் சிறிய ஒரு மின்தடையை அதற்கு இணையாக வைத்து மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள்; உணரியோடு தொடரில் உள்ள சுருளின் மின்னோட்டத்தை ஒரு ஸ்குவிட், அதாவது மிக நுண்ணிய காந்தப் பாயத்தையும் உணரும் மீக்கடத்து வளையம், படிக்கும். இந்த நான்கு உறுப்புகளையும் அன்று நான் வரைந்திருந்தால் ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

ஆகவே என் அறிவுரை ஒன்றே ஒன்றுதான். எந்தச் சாதனத்தின் பெயரைக் கேட்டாலும், வாயைத் திறப்பதற்கு முன் அதன் சார்புச் சுற்றை, அதாவது சாதனத்தை இயங்கும் நிலையில் நிறுத்தும் மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ தரும், நாம் பேச்சில் பயாஸ் என்பதை, வரையுங்கள். பிறகு மூன்று கேள்விகளை உங்களுக்குள்ளேயே கேளுங்கள்: எது மாறாமல் பிடித்துவைக்கப்பட்டுள்ளது, நிகழ்வு நடக்கும்போது மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது, சாதனத்தைத் தொடக்க நிலைக்கு மீட்பது எது. நான் மெதுவாகச் சிந்திப்பவள். கையில் சுண்ணக்கட்டி இருந்தால்தான் எனக்குச் சொல் வரும். வேகமாகப் பேசிச் சமாளிக்கக்கூடியவர்களுக்கு வேறு வழிகள் இருக்கலாம், எனினும் அவர்களும் வரைவதையே நான் விரும்புவேன்.

நானோகம்பி ஒற்றை ஃபோட்டான் கண்டறிவியை இந்த முறையில் பாருங்கள். கோல்ட்ஸ்மனும் உடனாளர்களும் 2001-இல் நயோபியம் நைட்ரைடு படலத்தில் காட்டிய அந்தச் சாதனம், மாறுநிலை மின்னோட்டத்துக்கு, அதாவது மீக்கடத்தும் தன்மை முறியும் அளவுக்கு, சற்றே கீழே, மாறா மின்னோட்டத்தில் நிற்கிறது. ஃபோட்டான் விழுந்த இடம் மின்தடை பெற்றதும் மின்னோட்டம் 50 ஓம் சுமைக்குத் திசைமாறுகிறது, அதுவே நமக்குக் கிடைக்கும் துடிப்பு. கம்பி குளிர்ந்த பிறகு மின்னோட்டம் திரும்பிவரும் காலம், கம்பியில் மின்னோட்டம் சுமக்கும் துகள்களின் நிலைமத்தால் எழும் இயக்கத் தூண்டலைச் சுமை மின்தடையால் வகுத்தால் வருகிறது: 500 நானோஹென்றியும் 50 ஓமும் என்றால் 10 நானோ விநாடி. "அப்படியானால் சுமையை 500 ஓம் ஆக்கி வேகத்தைப் பத்து மடங்காக்கலாமே?" என்பது தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் பொறி, என்னிடமும் கேட்டார்கள். கம்பி குளிர்வதற்கு முன்பே மின்னோட்டம் திரும்பிவிட்டால், சூடான பகுதி தன் வெப்பத்தாலேயே உயிரோடு இருக்கும், கண்டறிவி மின்தடை நிலையிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதே விடை. டி.இ.எஸ்.-க்கு நன்மை செய்த அதே மின்வெப்பப் பின்னூட்டம் இங்கே பகையாக மாறுவதை நீங்களாகவே சுட்டிக்காட்டினால் குழுவின் முகம் மாறும்.

பலகையில் கை நடுங்காமல் வரைந்து விளக்கத் தெரிய வேண்டியவை:

– ஜோசப்சன் சந்திக்கு (இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு உள்ள அமைப்பு) இணையாக மின்தடையும் மின்தேக்கியும் உள்ள மாதிரி. சந்தியின் தணிப்பைக் காட்டும் ஸ்டூவர்ட்–மெக்கம்பர் அளவுரு 1-க்குக் கீழே போனால் தயக்கம், அதாவது மின்னோட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் வேறு வேறு வழியில் செல்வது, ஏன் மறைகிறது என்பது.
– ஸ்குவிட்: ஏன் மாறுநிலை மின்னோட்டத்துக்குச் சற்று மேலே வைக்கிறோம், பின்னூட்டச் சுருள் ஏன் தேவை.
– இயக்கத் தூண்டல் கண்டறிவி: இங்கே நேர்மின்னோட்டச் சார்பே இல்லை, ஒரு நுண்ணலைத் தொனிதான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட பல நூறு ஒத்ததிர்விகளை ஒரே கம்பியில் படிக்க முடிகிறது.
– எஸ்.ஐ.எஸ். கலப்பி (மீக்கடத்தி–காப்புப்பொருள்–மீக்கடத்திச் சந்தியால் வானொலி அலையைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றுவது): ஆல்மா வானொலித் தொலைநோக்கியில் இருப்பது இதுதான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன், மேலே கேட்கவில்லை.

இலக்கச் சுற்றுகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பலர் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், அது தவறு. இந்தத் துறையின் வரலாறே சார்பைப் பற்றிய வரலாறுதான். ஐ.பி.எம். 1983-இல் கைவிட்ட ஜோசப்சன் கணினித் திட்டத்தில், சந்தி ஒரு முறை மின்னழுத்த நிலைக்குத் தாவினால், வழங்கும் மின்னோட்டம் சுழியத்துக்கு இறங்கும்வரை அங்கேயே நிற்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்வழங்கலையே இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அவசரமாக ஏற்றினால் சந்தி சுழியத்தில் நிற்காமல் மறுபக்கத்துக்குத் தாண்டிவிடும். வேகத்துக்குத் தடை அங்கேதான் இருந்தது. 1985-இல் லிக்காரெவ், முகானோவ், செமியோனோவ் ஆகியோர் அதை மாற்றினார்கள். சந்திக்கு இணையாக ஒரு மின்தடையை வைத்து, தானாகத் திரும்பிவரச் செய்து, மின்னழுத்த நிலைக்குப் பதிலாக ஒற்றைக் காந்தப் பாயக் குவாண்டத்தின் (மீக்கடத்து வளையத்தில் காந்தப் பாயத்தின் மிகச் சிறிய அலகின்) துடிப்பையே தகவலாக்கினார்கள். அந்தத் துடிப்பின் பரப்பு எப்போதும் 2.07 மில்லிவோல்ட்–பைக்கோ விநாடி. உயரம் கூடினால் அகலம் குறையும், பரப்பு மாறாது. இந்த ஒரு வரியை உணர்ந்து சொல்லத் தெரிந்தால் ஆர்.எஸ்.எஃப்.க்யூ. எனப்படும் இந்தச் சுற்றுமுறைப் பகுதியில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

மீதிப் பாதி திறன் கணக்கு. 0.1 மில்லியாம்பியர் மாறுநிலை மின்னோட்டம் உள்ள சந்தி ஒரு முறை மாறும்போது செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 2×10⁻¹⁹ ஜூல். 20 கிகாஹெர்ட்ஸில் அது 4 நானோவாட். அதே சந்திக்கு 2.5 மில்லிவோல்ட் வழங்குதடத்திலிருந்து மின்தடை வழியாக 0.075 மில்லியாம்பியர் கொடுத்தால், சும்மா இருக்கும்போதே 190 நானோவாட் வீணாகிறது. வேலைக்குச் செலவாவதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேலே சார்பு மின்தடைகளில் போகிறது! 2011 அளவில் வந்த ஈ.ஆர்.எஸ்.எஃப்.க்யூ. என்ற வகை அந்த மின்தடைகளை நீக்கிவிட்டு மின்தூண்டிகளையும் மின்னோட்டத்தை வரையறுக்கும் சந்திகளையும் வைத்தது ஏன் என்பதும், ஆர்.க்யூ.எல். என்ற மற்றொரு வகை மாறுதிசை மின்னோட்டத்துக்குப் போனது ஏன் என்பதும், ஏ.க்யூ.எஃப்.பி. என்ற மூன்றாம் வகைச் சுற்றுகளில் ஒரே மாறுதிசை மின்னோட்டம் மின்வழங்கலாகவும் கடிகாரமாகவும் இருந்து நிலையாற்றலை மெல்ல மெல்ல மாற்றுவது ஏன் என்பதும் இந்தக் கணக்கைப் போட்டவருக்குத் தானாகவே விளங்கும். யோக்கோகாமா தேசியப் பல்கலைக்கழகத்தார் ஏ.க்யூ.எஃப்.பி. முறையில் 20,000-க்கும் மேற்பட்ட சந்திகளோடு 4 பிட் நுண்செயலியைச் செய்து காட்டியதை நான் இந்த இடத்தில் சொன்னேன். இம்முறை அந்த எண் காரணத்தோடு வந்ததால் குழு மேலும் கேட்க விரும்பியது.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாளில் போட்டுப் பார்த்த எண்கள் மட்டும் போதும் என்கிறேன். நயோபியத்தின் மாறுநிலை வெப்பநிலை 9.2 கெல்வின், காந்தப் பாயக் குவாண்டம் 2.07×10⁻¹⁵ வெபர், ஜோசப்சன் மாறிலி ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு ஏறத்தாழ 483.6 மெகாஹெர்ட்ஸ்: இவை மூன்றும் கையில் இருந்தால் மற்றவற்றைக் கறந்துகொள்ளலாம். 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றலை ஒரு நாள் இரவு கணக்கிட்டேன், 1.3×10⁻¹⁹ ஜூல் வந்தது. மேலே சொன்ன சந்தியின் மாறும் ஆற்றலும் இதே அளவு வரிசையில்தான் இருக்கிறது. கண்டறிவிகளையும் இலக்கச் சுற்றுகளையும் ஏன் ஒரே பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெளிந்தது, அந்த மகிழ்ச்சியில் வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பற்றி இனி நிச்சயமாகக் கேட்பார்கள். கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் ஆகியோர் 1984, 1985 ஆண்டுகளில் பெர்க்லியில் செய்த சோதனையும் சார்பு மின்னோட்டத்தில் வைத்த ஒரு ஜோசப்சன் சந்திதான். வாஷ்போர்டு எனப்படும் அலைவடிவ நிலையாற்றல் வளைகோட்டைச் சாய்ப்பது அந்த மின்னோட்டமே. சாய்வு கூடக் கூடத் தடுப்பு தாழ்கிறது, போதிய குளிர்ச்சியில் சந்தி வெப்பத்தின் உதவி இல்லாமலேயே ஊடுருவி மின்னழுத்த நிலைக்குப் போகிறது. வளைகோட்டை வரைந்து, அம்புக்குறியால் சாய்வைக் காட்டி, பிறகு பரிசின் பெயரைச் சொல்லுங்கள், முறையை மாற்றிவிடாதீர்கள்.

புதிய ஆய்வுக் கட்டுரைகளையும் நான் இப்படியே படித்தேன். சுருக்கத்தைத் தாண்டி நேராகச் சோதனை அமைப்புப் படத்துக்குப் போய், சார்புக் கம்பி எங்கே நுழைகிறது என்று பென்சிலால் தொடர்ந்து செல்வேன். நாளுக்கு ஒரு கட்டுரை, அதற்கு மேல் இல்லை. குழுவாகப் படிப்பது எனக்கு உதவவில்லை. பிறர் வரைவதைப் பார்க்கும்போது புரிந்ததுபோல் தோன்றுகிறது, தனியே வரையும்போது அது இல்லாமல் போகிறது.

இரண்டாம் முறையும் ஒரு கேள்விக்குப் பாதி விடைதான் சொன்னேன். பத்து இலட்சம் சந்திகள் உள்ள சில்லுக்கு எப்படி மின்னோட்டம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மேலே சொன்ன கணக்கில் அது 75 ஆம்பியர். தொகுதிகளைத் தொடரில் இணைத்து ஒரே மின்னோட்டத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்றேன். அது சரி, ஆனால் அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் என்ன செய்யும் என்று தொடர்ந்தபோது நான் திணறினேன். சில்லின் மீது மிகச் சிறிய புலம் இருந்தாலே என்ன ஆகும் என்று வீட்டுக்கு வந்து கணக்கிட்டேன். புவியின் புலத்தில் 500-இல் ஒரு பங்கு, அதாவது 0.1 மைக்ரோடெஸ்லா மட்டும் எஞ்சியிருந்தாலும், 5 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சில்லின் மீது ஏறத்தாழ 1,200 பாயக் குவாண்டங்கள் விழுகின்றன. படலம் மீக்கடத்தியாகும் நேரத்தில் அவை உள்ளேயே சிறைப்பட்டால், அருகில் உள்ள சுற்று தவறாக இயங்கும். அதனால்தான் காந்தக் கவசத்துக்குள் மெதுவாகக் குளிர்விக்கிறார்கள்; தரைத்தளப் படலத்தில் அகழிகளைப்போல் பிளவுகளை வெட்டி, பாயத்தை அவற்றுக்குள் ஒதுங்கச் செய்கிறார்கள்; 9.2 கெல்வினைக் கடந்து முடியும்வரை சார்பு மின்னோட்டத்தை நிறுத்தியே வைக்கிறார்கள்.