சாலைக் கரையை வெட்டியதும் துணையாறு வந்து சேர்ந்தது

நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து உயரம் சொல்லும் தரவை வைத்து, நம் ஆற்றின் வடிநிலத்தைக் கணினியில் வரைந்துகொண்டிருக்கிறேன். அதில் பிடிவாதமாகப் பக்கத்து ஆற்றிலேயே போய் விழுந்துகொண்டிருந்த மேற்குத் துணையாறு நேற்று ராத்திரி ஒருவழியாக நம் ஆற்றோடு சேர்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்!

தரவு இறக்கியது, யூடிஎம்முக்கு (மீட்டரில் அளக்கும் வரைபட ஆயமுறை) மாற்றியது எல்லாம் வழக்கம்போலத்தான். சிக்கல், தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகத் தரவில் இருக்கும் பள்ளங்களை நிரப்பும் இடத்தில். ஓடையின் குறுக்கே ஒரு சாலை போகிறது, அடியில் சிறுபாலம். மேலிருந்து அளக்கும் ரேடாருக்குச் சாலையின் தலைதான் தெரியும், அடியில் தண்ணீர் போகிற வழி தெரியாது. வாங்-லியூ என்ற முறையில் நிரப்பினால் சாலைக்குப் பின்னால் தட்டையாக ஒரு ஏரி உருவாகி, அதன் மேல் ஓடைகள் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இணைகோடுகளாக ஓடும் (ஒவ்வொரு கட்டத்தின் நீரையும் சுற்றியுள்ள எட்டில் மிகச் சரிவான ஒன்றுக்கு அனுப்பும் டி8 முறையைப் போட்டவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்), கடைசியில் நீர்பிரி மேட்டில் இருக்கும் ஒரு தாழ்வைத் தாண்டி அடுத்த வடிநிலத்துக்குள் இறங்கிவிடும். ஒரு துணையாறு போனால் வடிநில எல்லையே தப்பு.

தீர்த்து வைத்தது வொயிட்பாக்ஸ் என்ற மென்பொருளின் கருவிகளில் இருக்கும் 'பிரீச் டிப்ரெஷன்ஸ் லீஸ்ட் காஸ்ட்'. இது பள்ளத்தை நிரப்பாமல் கரையை வெட்டி வழிவிடுகிறது. இதில் உயிர்நாடி தேடும் தூரம்தான். குறைத்து வைத்தால் கரைக்கு அந்தப் பக்கத்துத் தாழ்விடம் எட்டாது, கண்டபடி கூட்டினால் நிஜமான மேட்டையே வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு முறையும் வெட்டிய தரவிலிருந்து மூலத் தரவைக் கழித்துப் பாருங்கள், எங்கே எத்தனை மீட்டர் தோண்டியிருக்கிறது என்பது எதிர்மறை எண்ணாக வந்து நிற்கும். எனக்குச் சாலைக்குக் குறுக்கே மூன்றே கட்டம், அதுவும் சரியாகச் சிறுபாலம் இருக்கும் இடத்தில்!

தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் ரேடார் தரவில் உயரம் முழு மீட்டரில்தான் வரும், சமவெளியில் அது படிப்படியாகத் தெரிந்து எரிச்சலூட்டும். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் 30 மீட்டர் தரவில் தசமமும் உண்டு, கீழ்ப்பகுதி ஓடைகள் எவ்வளவோ தெளிவு. மரமும் கட்டடமும் இரண்டிலுமே கலந்திருக்கும். அவற்றைக் கழித்த ஃபேப்டெம் என்ற தரவையும் இறக்கி வைத்திருக்கிறேன், வணிகம் சாராத வேலைக்கு இலவசம்.

ஸ்ட்ராலர் வரிசை (ஒரே வரிசையுள்ள இரண்டு ஓடைகள் சேர்ந்தால் எண் ஒன்று கூடும்) போடுவது இன்னும் பாக்கி. 1000 கட்டத்தின் நீர் சேர்ந்தால் ஓடை என்று வைத்தால், 30 மீட்டர் கட்டத்தில் அது 0.9 சதுர கிலோமீட்டர், அதில் பிரதான ஆறு மூன்றாம் வரிசை. 200 என்று குறைத்தால் தலைமாட்டில் புதுசு புதுசாக ஓடைகள் முளைத்து அதே ஆறு நான்காகிவிடுகிறது. எத்தனை கட்டம் என்று சொல்லாமல் வரிசை எண்ணை மட்டும் போடும் வரைபடங்களை நான் நம்புவதே இல்லை. மழைக்காலத்தில் தலைமாட்டுக்கு நேரில் போய், வாய்க்கால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு எண்ணை முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். அதற்குள் நீள்வெட்டுக்கும் (ஆற்றின் நீளத்தில் உயரம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் படம்) ஆசை வந்துவிட்டது, சேர்ந்த துணையாற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.