சிறுத்தைக்கு உத்தரவாதம் கிடையாது

சஃபாரி குழுக்களைக் கூட்டிப்போகும் டூர் மேனேஜர் என்றால், தினமும் சிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவன் என்றுதான் ஊரில் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் என் பொழுதில் பாதி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையிலும் பெட்டிகளின் எடையிலும் கரைந்துபோகிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அந்த அட்டை செல்லும். அதைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடும் ஓர் ஆள் இல்லாமல் எந்தக் குழுவும் அமைந்ததில்லை. அடுத்தது குளிர். ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டையாக அடுக்கி எடுத்துவந்து விடுகிறார்கள். கென்யாவின் தலைநகர் நைரோபியே ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் போகும் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகமும் 1,500 மீட்டருக்கு மேல்தான். ஜூலை மாதத்தில் காலை ஆறரைக்குக் கூரையைத் தூக்கிவிட்ட வண்டியில் நின்றால் பல் கிட்டும். சாப்பாடு மட்டும் எல்லோரும் பயப்படுகிற அளவுக்குப் பிரச்சினை இல்லை. சப்பாத்தியும் பச்சைப்பயறுக் குழம்பும் கென்யர்கள் வீட்டிலேயே சாப்பிடுவதுதான். வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைக்கத் தெரிந்த சமையல்காரர்களும் மாரா முகாம்களில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் சமாளித்து விடலாம். என்னை அசரவைப்பது ஒரு பட்டியல். சிங்கம், யானை, காட்டெருமை, சிறுத்தை, காண்டாமிருகம். 'பிக் ஃபைவ்' என்று துப்பாக்கி வேட்டைக்காரர்கள் வகுத்தது. நடந்துபோய்ச் சுடுவதற்கு மிகக் கடினமான, ஆபத்தான ஐந்து என்பதுதான் அதன் கணக்கு. கேமராவோடு வருபவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆனாலும் நைரோபி விமான நிலையத்தில் இறங்கும்போதே அது எல்லோர் வாயிலும் இருக்கிறது.

முதுமலையிலும் பந்திப்பூரிலும் பல தடவை போயும் புலியின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர்கள், மாராவில் முதல் நாளே சிங்கக் கூட்டத்தைப் பார்த்துவிடுவார்கள். அங்கே அடர்காடு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. முதல் சிங்கத்துக்கு வண்டியே நிசப்தமாகிவிடும். மறுநாள் காலை அதே ஆட்கள், "சிங்கம் போதும் தம்பி, எப்பப் பார்த்தாலும் தூங்கிக்கிட்டே கிடக்கு. சிறுத்தைய எப்போ காட்டுவீங்க?" என்பார்கள். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்துக் கிடக்கும் பிராணி. அதற்கு என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வி என் காதில் விழுவதற்கு முன்னால் ஓட்டுநரின் காதில் விழுந்துவிடும். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரல் தெரியும். மாராவில் வண்டி ஓட்டுபவர் வெறும் ஓட்டுநர் இல்லை. கென்யாவின் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் பரீட்சை வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி தருகிறது. என்னோடு வருபவர்களில் வெள்ளி வாங்கியவர்கள் உண்டு. பறவையின் குரலைக் கேட்டே இனம் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் சீசனில் நாள் கூலிக்கு வருபவர்கள். வீட்டுக்குக் கணிசமாகப் போய்ச் சேருவது டிப்ஸ் பணம்தான். பின்சீட்டில் முகம் வாடினால் அந்தப் பணம் குறையும் என்பது அனுபவத்தில் கண்டது. ரேடியோவில் யாரோ சிறுத்தை என்றதும் வண்டியைத் திருப்பி, புழுதி பறக்க, வழியில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கியையும் தாண்டிக்கொண்டு ஏன் பறக்கிறார் என்பது இதில் அடங்கிவிட்டது.

அப்படிப் பறந்துபோய் நாங்கள் நின்ற ஒரு காலையைச் சொல்ல வேண்டும். போய்ப் பார்த்தால் சிறுத்தை இல்லை, கரையான் புற்றின்மேல் ஒரு சிவிங்கிப்புலித் தாய், அதாவது சீட்டா. கீழே புல்லுக்குள் குட்டிகள். முதுகில் சாம்பல் நிற ரோமம் இன்னும் உதிரவில்லை. தூரத்தில் தாம்சன் மான்கள். அவள் இறங்கினாள், தலையைத் தாழ்த்தி நாலு எட்டு வைத்தாள், நின்றாள். இடது பக்கம் ஒரு வண்டி நகர்ந்து அவளுக்கும் மான்களுக்கும் நடுவே வந்தது. அதிலிருந்தவர்களுக்கு முகம் தெரியவில்லையாம். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். அங்கே இரண்டு வண்டிகள். ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று மாராவில் விதி இருக்கிறது. அன்று அதை யாரும் மதிக்கவில்லை. மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளிப் போயின. அவள் மறுபடியும் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் வண்டியில் ஒருவர், "சூப்பர், நல்ல போஸ்" என்றார்.

சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் பிராணி அது. பகல்தான் நம்முடைய நேரமும். மாராவில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதியில் ஒரு தாய் சராசரியாக 0.2 குட்டிகளைத்தான் வளர்த்து ஆளாக்குகிறாள். வண்டிகள் குறைவான பகுதியில் அதுவே 2.3. குழு கிளம்பும் முதல் நாள் மாலை இந்த இரண்டு எண்களையும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

எல்லோரும் ஒரே ரகம் என்று சொல்ல மாட்டேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மகன் கட்டிய பணம், இவருக்கு மிருகம் பார்க்கும் ஆசையெல்லாம் பெரிதாக இல்லை. மழை பெய்து வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கியபோது எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கரிசல்தானே தம்பி" என்றார். அதேதான். அங்குள்ள ஓட்டுநர்களும் அதைப் பருத்தி மண் என்றுதான் சொல்கிறார்கள். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் விழுங்கும். அவர் கேட்ட அடுத்த கேள்வி: "வரிக்குதிரையும் இந்த மாடும் ஒரே புல்லத் திங்குதே, சண்டை வராதா?" அவர் மாடு என்றது, மாடு மாதிரித் தோன்றும் மான் இனமான வில்டபீஸ்ட்டை.

அதை நான் மொழிபெயர்த்துக் கேட்டதும் ஓட்டுநர் இஞ்சினையே அணைத்துவிட்டார். வரிக்குதிரை முதலில் வந்து உயரமான, நார் மிகுந்த மேல்புல்லைக் கடித்துத் தள்ளும். அடியில் இருக்கும் இலைப்புல் அப்போதுதான் வில்டபீஸ்ட்டுக்கு எட்டும். அது மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் துளிர்ப்பது தாம்சன் மானுக்கு. எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் இருக்கும் செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்டும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையின் பின்னால் சுற்றுவது இந்தப் புல்லுக்காகத்தான் என்று அரைமணி நேரம் சொன்னார். பெரியவர் நடுநடுவே செம்மறிக் கிடை பற்றி எதிர்க்கேள்வி போட்டார். பின்சீட்டில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டுநரோடு பல சீசன் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது. யாரும் கேட்டால்தானே சொல்வார்.

அதற்குப் பிறகு டிப்ஸை முதல் நாளே வாங்கிவிடுகிறேன். தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, உறையில் போட்டு ஓட்டுநருக்குத் தெரிகிற மாதிரி என்னிடம் இருக்கும். சிறுத்தை வந்தாலும் வராவிட்டாலும் அது குறையாது. ஆரம்பத்தில் ஓட்டுநர்களே நம்பவில்லை. இப்போது வண்டியைப் பறவைக்கும் நிறுத்துகிறார்கள். ஐந்து வண்டி நின்றுவிட்டால், "தள்ளிக் காத்திருப்போம், முறை வரும்" என்று அவர்களே சொல்கிறார்கள். மாரா ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் கூட்டம் இறங்குமா இறங்காதா என்று மணிக்கணக்கில் காத்திருக்கும்போதும், கரையோரத்தை அடைத்து நிறுத்தாமல் பின்வாங்கி நிற்பதில் இப்போது வாக்குவாதம் குறைவு. கூட்டம் சில சமயம் தண்ணீர்வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். அன்று மதிய டப்பாச் சாப்பாட்டோடு சரி.

ஒன்று மட்டும் எனக்கு எதிராகவே வேலை செய்கிறது: நுழைவுக் கட்டணம். 2024 ஜூலையிலிருந்து ஜூலை முதல் டிசம்பர்வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு 200 டாலர், அதுவும் 12 மணி நேரத்துக்கு. கட்டணம் ஏறினால் கூட்டம் குறையும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் அவ்வளவு கட்டியவர் கட்டியதற்கெல்லாம் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறார். வசதி உள்ளவர்களை நான் மாராவை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மொடொரோகி மாதிரியான தனிக் காப்பகங்களுக்கு அனுப்புகிறேன். மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்கும் இடங்கள் அவை. வண்டிகளுக்கு அங்கே கண்டிப்பான வரம்பு உண்டு. செலவு எக்கச்சக்கம் என்பதால் எங்கள் குழுக்களில் பெரும்பாலோருக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கள் விளம்பரத் துண்டறிக்கையில் 'பிக் ஃபைவ் நிச்சயம்' என்ற வரி இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு சீசனும் சொல்வேன். புக்கிங் குறையும் என்று மார்க்கெட்டிங்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். இந்த வருடம் இழுபறிக்குப் பிறகு 'பார்க்கும் வாய்ப்பு உண்டு' என்று மாற்றினார்கள். மேலே அட்டையில் சிறுத்தையின் படம் மட்டும் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.