சீல் பெட்டி: பச்சை குத்திடுச்சு, சிவப்பு இன்னும் அடம்

பேப்பர்ஸ், ப்ளீஸ் கேமுக்கு நான் செய்யிற நிஜ சீல் பெட்டில, நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு பச்சை சீல் முதல் தடவையா ஒழுங்கா விழுந்துச்சு. கையில மரக்கட்டை டக்-னு அடிக்குது, அதே நொடி ஸ்க்ரீன்ல கொலேச்சியாகாரன் (கேம்ல வர்ற பக்கத்து நாட்டுக்காரன்) பாஸ்போர்ட்ல பச்சை. நான் போட்ட சத்தத்துல அம்மா எழுந்து வந்துட்டாங்க.

எல்லைச் சாவடி பூத்ல உட்கார்ந்து பேப்பரைப் பார்த்து, உள்ள விட பச்சை, திருப்பி அனுப்ப சிவப்புன்னு சீல் குத்துறதுதான் கேம். ஆடினவங்களுக்குத் தெரியும், 2013ல லூகாஸ் போப் பண்ண அந்த கேம்ல பாதி சுகமே சீல் தட்டை இழுத்து நச்சுனு குத்துறதுலதான். அதை மவுஸ்ல பண்றது இலைச் சாப்பாட்டை ஸ்பூன்ல சாப்பிடுற மாதிரி இருக்கு. அதான் ரெண்டு நிஜ சீல் கட்டை, தட்டு வெளிய வர ஒரு லீவர், உள்ள ப்ரோ மைக்ரோ போர்டு (கம்ப்யூட்டர்கிட்ட கீபோர்டு, மவுஸ் மாதிரி நடிக்கிற குட்டி சர்க்யூட்).

முதல்ல மானம் போன கதை. லீவரை இழுத்தா டேப் கீ போகணும். நோட்பேட்ல போகுது, கேம்ல போகல. ரெண்டு சாயங்காலம் சால்டரிங்க எடுத்து எடுத்து மறுபடி வச்சேன், கேபிள் மாத்தினேன், இன்னொரு போர்டே வாங்கிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, நான் டெஸ்ட் பண்ணிட்டிருந்தது புது ஆட்டத்தோட முதல் நாள், டேப் கீயே பூத் அப்கிரேடா காசு கொடுத்து வாங்கினாதான் வேலை செய்யும்! அதை ஏற்கனவே வாங்கி வச்சிருந்த பழைய சேவ்ல பத்தாவது நாளைத் திறந்தேன், சமத்தா வந்துச்சு.

ஆனா உயிரை வாங்கினது பாயின்ட்டர்தான். பச்சைக் கட்டையை அடிச்சா கர்சர் தானா பச்சை சீலுக்குப் போய் க்ளிக் பண்ணணும். போர்டை மவுஸா நடிக்க வைக்கிற சாதாரண மவுஸ் லைப்ரரில (ரெடிமேட் ப்ரோகிராம்), கர்சர் இருக்கிற இடத்துலேருந்து இவ்ளோ தள்ளு-னுதான் சொல்ல முடியும், அதுவும் ஒரு தடவைக்கு 127க்கு மேல போகாது. சரி, மொத்தமா மேல இடது மூலைக்குத் தள்ளிட்டு அங்கேருந்து எண்ணலாம்னு பார்த்தா வேகமா அசைச்சா கர்சரைக் கூடுதலா தள்ளுற விண்டோஸ் ஆக்ஸிலரேஷன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல கொண்டு விடுது, ஒரு தடவை சீலுக்குப் பதிலா ரூல்புக்கைத் தூக்கிட்டு வந்துச்சு. கடைசியா ஹெச்ஐடி ப்ராஜெக்ட் லைப்ரரில இருக்கிற ஆப்சல்யூட் மவுஸுக்கு மாறினேன். முழு ஸ்க்ரீனும் -32768லேருந்து 32767 வரைக்கும், எண்ணைக் கொடுத்தா நேரா அங்க போய் நிக்குது. க்ளிக்கை மட்டும் உடனே விடாம 40 மில்லிசெகண்ட் அமுக்கிப் பிடிக்க வச்சேன். பாஸ்போர்ட்டை சீலுக்கு அடியில இழுத்து வைக்கிறது இன்னும் மவுஸ்லதான், அது இருக்கட்டும்.

சிவப்புதான் தகராறு. ஒரு தடவை குத்தினா ரெண்டு சீல் விழுது. டிபவுன்ஸ் (ஒரே குத்தை ரெண்டா எண்ணாம இருக்க விடுற இடைவெளி) 30 மில்லிசெகண்ட் வச்சாச்சு, 60 வச்சாச்சு. ப்ரோகிராம்ல குத்தம் இல்ல, கட்டையைத் திருப்பித் தூக்க வச்ச பேனா ஸ்ப்ரிங் நோஞ்சானா இருக்கு, கட்டை பாதியில நின்னு மைக்ரோ ஸ்விட்ச் மேல ஆடுது. ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஸ்விட்சும் நல்லதா ரெண்டு வாங்கணும். ஆன்லைன்ல வந்த ப்ரோ மைக்ரோல யூஎஸ்பி சாக்கெட் மூணாவது நாளே கையோட வந்துடுச்சு, வாங்குறவங்க முதல் வேலையா அதைச் சுத்தி க்ளூ வச்சிருங்க.

சீல் கட்டை ரப்பர் ஸ்டாம்ப் கடையில வாங்கினது. வெறும் கட்டை போதும்ணேன்னு சொன்னா கடைக்காரர் நம்பவே இல்ல. "எந்த ஆபீஸ் தம்பி? லெட்டர் இருந்தாதான் அடிச்சுத் தருவேன்"ங்கிறார். கேம்ல நான் வேலை பார்க்கிற ஆர்ஸ்டாட்ஸ்கா நாட்டு நுழைவு அனுமதி அமைச்சகம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல அஞ்சாவது நாளை மறுபடி ஆடினேன். புருஷன் பேப்பரெல்லாம் சரியா இருக்கு, உள்ள போயிட்டான். பின்னாடியே பொண்டாட்டி, என்ட்ரி பர்மிட் இல்ல, திரும்பிப் போனா கொன்னுடுவாங்கங்கிறா. ஏற்கனவே ரெண்டு வார்னிங் வாங்கியாச்சு, மூணாவதுன்னா 5 கிரெடிட் (கேம் காசு) போயிடும், ஒரு ஆளைப் பார்த்தா கிடைக்கிற கூலியே அந்த 5தான். மவுஸ்ல ஆடினப்போ யோசிக்காம சிவப்பு குத்தினவன் நான். இந்தத் தடவை கட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பச்சைதான் குத்தினேன். சிவப்பு ரிப்பேர்னு சாக்கு வேற இருந்துச்சு.

அடுத்து தெர்மல் பிரிண்டர், கடையில பில் அடிக்கிற மாதிரி. தப்பு பண்ணினா கேம்ல சரசரன்னு வர்ற அந்த சிட்டேஷன் (கண்டன) சீட்டு நிஜமாவே டேபிள்ல வரணும். கேம் வெளிய எதுவும் சொல்லாது, அதனால ஸ்க்ரீன்ல சீட்டு வர்ற மூலையோட நிறத்தை ஒரு பைதான் ஸ்கிரிப்ட் பார்த்துக்கிட்டே இருக்கணும். பேப்பர் ரோல் பத்து ஆர்டர் பண்ணிட்டேன். பிரிண்டர் இன்னும் வாங்கல. சிவப்பு ஸ்ப்ரிங்கும்தான்.