கொம்பில்தான் எல்லாம்: யூனிகோனும் வன்னியின் நரிக்கொம்பும்

வவுனியாக் கடைகளில் பள்ளிப் பைகளில் தொங்குகிற இளஞ்சிவப்பு யூனிகோனுக்கு, அதாவது கதைகளில் வரும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு, வானவில் வால் முளைத்தது அண்மையில்தான். பழைய யூனிகோன் ஆளைக் குத்திக் கொல்லும் மிருகம். அழகுக்காக அதை யாரும் தேடவில்லை, கொம்புக்காகத் தேடினார்கள். நரியின் தலையில் இருப்பதாக நம்பப்பட்ட நரிக்கொம்பை எங்கள் காடுகளில் தேடியவர்களின் நம்பிக்கையும் இதே வேரில் நிற்பதுதான்.

எழுத்தில் யூனிகோனை முதலில் பதிந்தவர், பாரசீக அரசவையில் வைத்தியராயிருந்த கிரேக்கர் க்டீசியஸ். காலம் கி.மு. 400 அளவு. அது இந்தியாவில் வாழும் விலங்கென்று, இந்தியாவுக்கு வராமலே, கேள்விப்பட்டதை வைத்து எழுதினார். அது குதிரையளவு காட்டுக்கழுதை; உடல் வெள்ளை, தலை கருஞ்சிவப்பு, கண் நீலம். ஒன்றரை முழக் கொம்பின் அடி வெள்ளை, நடு கறுப்பு, நுனி சிவப்பு. அந்தக் கொம்பில் செய்த கிண்ணத்தில் குடித்தால் வலிப்பு வராது, நஞ்சும் ஏறாது என்றார். காண்டாமிருகமும் காட்டுக்கழுதையும் ஒன்றாய்க் கலந்த செய்தி இது என்பதே என் கணிப்பு.

வேதாகமத்துக்குள் அது நுழைந்தது கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக. எபிரேயத்தில் காட்டெருது நின்ற இடங்களில் ஒற்றைக்கொம்பு விலங்கு வந்து நின்றது. பழைய தமிழ் வேதாகமத்தில் யோபு 39ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அங்கே காண்டாமிருகம் இருக்கும்.

பிறகு அலெக்சாந்திரியாப் பக்கத்தில் ஒரு விலங்குக் கதைத் தொகுப்பு உருவானது. எந்த வேட்டைக்காரனாலும் பிடிக்க முடியாத யூனிகோன், காட்டில் கன்னி ஒருத்தியை இருத்தினால் தானே வந்து அவள் மடியில் சாயும். கிறிஸ்தவர்கள் அதில் கன்னி மரியாளின் உதரத்தில் இறங்கிய கிறிஸ்துவைக் கண்டார்கள். கொம்பு ஒன்றாயிருப்பது பிதாவும் சுதனும் ஒன்று என்பதற்கு அடையாளம். 15ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் மொழி வழங்கிய நாடுகளில் மரியாளிடம் வானதூதர் செய்தி சொன்ன மங்கள வார்த்தைக் காட்சியையே வேட்டையாக வரைந்தார்கள். கபிரியேல் சம்மனசு ஊதுகொம்போடு வேட்டைக்காரராய் வருவார். அவர் முன்னால் ஓடும் நாலு நாய்களுக்கு இரக்கம், உண்மை, நீதி, சமாதானம் என்று பெயர். 85ஆம் சங்கீதத்தில் ஒன்றையொன்று சந்திக்கும் அதே நாலும். அடைத்த தோட்டத்துக்குள் மாதா இருக்க, அவர் மடியில் யூனிகோன். இவ்வளவு இறையியலை ஒரே சட்டத்துக்குள் அடக்கிய படங்கள் குறைவு. திருச்சபைப் படங்களை ஒழுங்குபடுத்திய, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கத்தின் 1563ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின் இந்தக் காட்சி மங்கிப்போனது. மடுத் திருவிழாவுக்குப் போய்வருகிறவர்களுக்கும் இது புதிதாகத் தோன்றுவது அதனால்தான்.

நம் மரபில் ஒற்றைக்கொம்பு நீரோடு சேர்ந்தது. பிரளயத்தில் மனு தன் ஓடத்தைக் கட்டியது மச்சத்தின் கொம்பில். மான் வயிற்றில் பிறந்து, தலையில் கொம்போடு வளர்ந்த கலைக்கோட்டு முனிவர் கால்வைத்ததும் வறண்ட அங்கநாட்டில் மழை கொட்டியது. குளத்தை நம்பி வயல் செய்கிற வன்னிக்கு இந்தக் கதை கிட்டவே இருக்கிறது.

ஐரோப்பாவில் யூனிகோன் கொம்பென்று பொன்விலைக்கு விற்றது உண்மையில் வடதுருவக் கடலின் நார்வால் திமிங்கிலத்தின் பல். மேல்தாடையின் இடப்பக்கப் பல் உதட்டைத் துளைத்துக்கொண்டு பத்தடி வரை வளரும். 1638இல் கோப்பன்ஹேகன் வைத்தியர் ஓலே வோர்ம் அதை மண்டையோட்டோடு சேர்த்துக் காட்டி விளக்கினார். 1661இல் இலண்டனின் விஞ்ஞானச் சங்கமான ராயல் சொசைட்டியில் கொம்புத் தூளால் வட்டம் போட்டு நடுவில் சிலந்தியை விட்டார்கள். நஞ்சுப்பூச்சி அதைத் தாண்டாது என்பது நம்பிக்கை. சிலந்தி உடனே வெளியே ஓடிவிட்டது.

கையில் ஒரு கொம்பு வந்தால் உள்ளமைப்பைப் பாருங்கள். மாட்டுக்கொம்பு எலும்பின் மேல் போர்த்த உறை. கழற்றினால் உள்ளே வெற்றிடம். மரை, புள்ளிமான் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து மறுபடி முளைப்பது. காண்டாமிருகக் கொம்பில் எலும்பே இல்லை, மயிரின் பொருளே இறுகியது. நார்வால் பல்லில் முறுக்கு எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றும். உள்ளே நீளத்துக்கும் பொள்ளல்.

நரிக்கொம்பு இவற்றில் எதுவும் இல்லை. 1861இல் வெளியான இலங்கை விலங்குகள் பற்றிய நூலில் ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் அதைப் பதிந்திருக்கிறார். கூட்டத்தின் தலைவன் நரிக்கு மட்டும் மயிருக்குள் மறைந்து அரை அங்குலக் கொம்பு இருக்கும். நகையோடு வைத்தால் களவு போகாது. தொலைந்தாலும் தானே திரும்பி வரும் என்று தமிழரும் சிங்களவரும் நம்பினார்கள். அது மண்டையோட்டில் எப்போதாவது புடைக்கும் எலும்பு, அவ்வளவுதான். நரியினத்துக்குக் கொம்பு கிடையாது. ஆகவே யாராவது எதையாவது நரிக்கொம்பென்று நீட்டினால் வாங்காதீர்கள். அந்த நம்பிக்கைக்காக நரியைக் கொல்வது பெரும்பாவம். வயல் எலியைத் தின்று நமக்கு உதவும் பிராணி அது.

ஒற்றைக்கொம்பைக் கையால் உண்டாக்கவும் முடிந்திருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பிராங்க்ளின் டவ், பிறந்து ஒரு நாளான நாம்பன் கன்றின் இரண்டு கொம்புக் குருத்துகளையும் நெற்றி நடுவுக்கு மாற்றி அருகருகே வைத்தார். இரண்டும் சேர்ந்து ஒரே கொம்பாக நேரே வளர்ந்தன. இளங்கன்றில் குருத்து தோலில் மிதக்கும், மண்டையில் பிடித்திருக்காது. அதனால்தான் இது சாத்தியமானது. இரண்டு மாதமளவில் அது எலும்போடு பற்றிவிடும். பட்டி வைத்திருப்பவர்கள் கொம்பு சுடுவதானாலும் அதற்குள் மிருக வைத்தியரை அழைத்து, விறைப்பூசி போட்டே செய்யவேண்டும். பிந்தினால் எலும்புக்குள் குழி திறந்து புண் புழுக்கும்.